மரபணுத் திருத்தம்: கையெழுத்து யாருடையது, உடம்பு யாருடையது?

கேள்வி சுருக்கமாக இது: "பிறக்கும் முன்பே கருவில் மரபணுவைத் திருத்தி நோயைத் தடுக்க முடியும் என்றால், அதைத் தடை செய்வதுதானே அநியாயம்? அதைச் செய்து காட்டிய சீன விஞ்ஞானியை ஏன் ஜெயிலில் போட்டார்கள்? இந்தியாவில் இதற்கு விதிகள் ஏதாவது உண்டா?"

ஜெயிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2019 டிசம்பர் 30 அன்று ஷென்ஜென் நகரின் நான்ஷான் மாவட்ட நீதிமன்றம் அந்த விஞ்ஞானி ஹே ஜியான்குய்க்கு மூன்று ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. குற்றம், சட்டவிரோதமாக மருத்துவம் பார்த்தது. நம் ஊரில் சொல்வதென்றால் போலி டாக்டர் கேஸ். கருவின் மரபணுவை மாற்றிக் குழந்தை பெறவைக்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டு விதிகளிலேயே சீனா சொல்லியிருந்தது. ஆனால் அந்த விதிகளை மீறினால் சிறை என்று எதுவும் இல்லை. திருத்திய கருவைக் கருப்பையில் வைப்பதே குற்றம் என்ற பிரிவு, இந்த வழக்குக்குப் பிறகு, 2021 மார்ச்சில்தான் அமலுக்கு வந்தது. ஆகவே "அறிவியலைச் சிறையில் போட்டுவிட்டார்கள்" என்று சிலர் பேசுவது சரியல்ல. அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது புரியும்.

ஹே ஜியான்குய் மருத்துவர் அல்ல. உயிர் இயற்பியல் படித்தவர். ஷென்ஜெனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர். 2018 நவம்பர் கடைசியில், மனித மரபணுத் திருத்தம் பற்றிய இரண்டாவது சர்வதேச மாநாடு ஹாங்காங்கில் கூடவிருந்த நேரத்தில் செய்தி வெளியானது. லுலு, நானா என்று புனைபெயர் சூட்டப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டார்கள். கருவாக இருந்தபோதே, மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற முறையில் அவர்களுடைய சிசிஆர்5 என்ற மரபணு வெட்டப்பட்டது. வெள்ளணுவுக்குள் நுழைய எச்ஐவி பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தை உண்டாக்குவது இந்த மரபணு. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு, தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இதன் இரண்டு பிரதிகளிலும், 32 எழுத்துகள் (மரபணுவின் அடிப்படை அலகுகளைத்தான் எழுத்துகள் என்கிறேன்) பிறவியிலேயே இருக்காது. அவர்களை எச்ஐவி அவ்வளவு எளிதில் தொற்றுவதில்லை. பெர்லினில் ரத்தப் புற்றுநோய்க்காக 2007-இல் அப்படிப்பட்ட ஒருவரின் ஸ்டெம் செல்களை, அதாவது புது ரத்தச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்களை, பெற்ற நோயாளி, அப்புறம் எச்ஐவியிலிருந்தும் விடுபட்டார். எனவே யோசனை பைத்தியக்காரத்தனமானது அல்ல.

ஆனால் தேவை இருந்ததா? அப்பாவுக்கு எச்ஐவி, அம்மாவுக்கு இல்லை. விந்துவைக் கழுவிச் சுத்தம் செய்து சோதனைக்குழாய் முறையில் கருவுறச் செய்தால் குழந்தைக்குத் தொற்று வராது. இது பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் முறை, அவரும் இதைத்தான் முதலில் செய்தார். அதாவது மரபணுவைத் தொடுவதற்கு முன்பே அந்தக் குழந்தைகள் அப்பாவின் தொற்றிலிருந்து தப்பிவிட்டார்கள். வெட்டியது, பிற்காலத்தில் எப்போதாவது எச்ஐவி தொற்றக்கூடும் என்ற சாத்தியத்துக்காக. ஆணுறையாலும் மாத்திரையாலும் தடுக்கக்கூடிய ஒன்றுக்காகக் கருவின் மரபணுவை மாற்றியிருக்கிறார்.

சரி, நினைத்த மாற்றமாவது நடந்ததா? அதுவும் இல்லை. ஐரோப்பியர்களிடம் இருக்கும் அந்த 32 எழுத்து நீக்கம் இரு குழந்தைகளில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஒரு குழந்தைக்கு ஒரு பிரதியில் 15 எழுத்துகள் போயின. மற்ற பிரதி அப்படியே இருந்தது. இன்னொரு குழந்தைக்கு ஒரு பிரதியில் 4 எழுத்துகள் போயின, மற்றதில் ஓர் எழுத்து கூடுதலாகச் சேர்ந்தது. இந்த மாற்றங்கள் உடம்பில் என்ன செய்யும் என்பதை அதற்கு முன் யாரும் சோதித்ததில்லை. போதாக்குறைக்கு, கருவின் எல்லாச் செல்களிலும் ஒரே மாற்றம் நடந்ததா, சிலவற்றில் ஒருவிதமாகவும் சிலவற்றில் வேறுவிதமாகவும் நடந்ததா என்ற சந்தேகமும் உண்டு. கருவிலிருந்து சில செல்களை மட்டும் எடுத்துச் சோதிக்கும்போது இதற்கு உறுதியான பதில் கிடைக்காது. என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. ஒரு கருவில் வேலை பாதிதான் நடந்திருக்கிறது, அதற்குப் பாதுகாப்பு கிடைக்காது என்பது கருப்பையில் வைக்கும் முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்தே வைத்தார். செய்தி வெளியாகும் முன் அந்தத் தரவுகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி நிருபர்கள் கேட்டுக்கொண்டவர்களில் ஒருவர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிரண் முசுனுரு. அந்தக் குழந்தைக்கு நன்மை ஏதும் இல்லாமல் ஆபத்து மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது என்று அவர் அப்போதே கண்டித்தார். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

அடுத்து ஒப்புதல் படிவம். அதில் திட்டத்தின் பெயர் "எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கத் திட்டம்" என்று இருந்தது. தடுப்பூசி என்றால் யாருக்கு என்ன தோன்றும்? ஓர் எச்ஐவி ஆதரவுக் குழு மூலமாகத்தான் தம்பதிகளைத் தேடிப் பிடித்தார்கள். சீன விதிகளின்படி எச்ஐவி உள்ளவர்களுக்குச் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு கிடையாது. ஊரும் உறவும் ஒதுக்கும் நோயோடு, குழந்தை வேண்டும் என்று ஏங்கும் தம்பதியிடம் போய், லட்சக்கணக்கான யுவான் செலவாகும் சிகிச்சையை இலவசமாகத் தருகிறோம், இந்த ஆய்வில் சேர்ந்தால் போதும் என்று சொன்னால், அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இருந்தார்களா? அது மட்டுமில்லை. கரு வைத்த பிறகு விலகினால் செலவான பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தப் படிவத்தில் இருந்தது. ஆராய்ச்சியிலிருந்து எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணமும் சொல்லாமல், எந்த இழப்பும் இல்லாமல் விலகலாம் என்பதுதான் இந்தத் துறையின் அரிச்சுவடி. அதுவே அங்கே இல்லை.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் போலி. எச்ஐவி உள்ள கணவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி மருத்துவமனைகளை ஏமாற்றியிருக்கிறார்கள். ஆய்வைப் பதிவேட்டில் பதிந்தது நவம்பர் 8-ஆம் தேதி, குழந்தைகள் பிறந்த பிறகு. கருக்களைக் கையாண்ட இரு கூட்டாளிகளுக்கும் தண்டனை கிடைத்தது. பிறகு மூன்றாவதாக ஒரு குழந்தையும் பிறந்தது.

இப்போது கவனியுங்கள். மேலே சொன்ன தவறுகளில் கிரிஸ்பர் இருந்தால்தான் நடக்கும் என்று சொல்லத்தக்கது எத்தனை? கருவில் வந்த சிக்கலைத் தவிர மற்றதெல்லாம் பழைய கணக்கு. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த 399 ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்கமே வேடிக்கை பார்த்தது. அவர்களுக்குச் சொன்னதும் இலவச சிகிச்சை என்றுதான். ஏழையாக, ஒதுக்கப்பட்டவராக, வேறு வழி இல்லாதவராகப் பார்த்துப் பிடிப்பது. விஷயத்துக்கு வேறு பெயர் வைப்பது. விலகும் வழியை அடைப்பது. ஷென்ஜெனில் கருவி மட்டும்தான் புதிது.

மரபணு மருத்துவத்தின் சொந்தப் பாடம் 1999-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. இதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. ஜெஸ்ஸி கெல்சிங்கர், 18 வயது, அரிசோனாவிலிருந்து வந்த பையன். உடம்பில் சேரும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற முடியாத ஓடிசி குறைபாடு என்ற பிறவி நோய் அவருக்கு இருந்தது. ஆனால் லேசான வகை. உணவுக் கட்டுப்பாட்டிலும் மாத்திரையிலும் சமாளித்துக்கொண்டிருந்தார். அந்த ஆய்வால் தனக்கு நேரடிப் பலன் இல்லை என்று தெரிந்தேதான் சேர்ந்தார். இந்த நோய் கடுமையாக வந்து பிறந்த சில நாளிலேயே இறக்கும் குழந்தைகளுக்குப் பயன்படட்டும் என்பது அவர் எண்ணம். செப்டம்பர் 13 அன்று, சளிக்காய்ச்சல் உண்டாக்கும் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸை மாற்றியமைத்து, நல்ல மரபணுவை அதில் ஏற்றி, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். உடம்பு முழுக்க எதிர்ப்பாற்றல் கொந்தளித்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, 17-ஆம் தேதி இறந்தார்.

மரணம் மட்டும் என்றால் அது விபத்து என்று விட்டுவிடலாம். முதற்கட்ட ஆய்வுகளில் ஆபத்து இருக்கத்தான் செய்யும். விசாரணையில் வெளிவந்ததுதான் பெரிய அதிர்ச்சி. இதே வகை வைரஸைப் பெற்ற குரங்குகள் இறந்திருந்தன. அந்தத் தகவல் அவர் கையெழுத்திட்ட படிவத்தில் இல்லை. அவருக்கு முன் மருந்து பெற்ற சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருந்தது. அதை உரிய நேரத்தில் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரிவிக்கவில்லை. மருந்து செலுத்திய நேரத்தில் அவருடைய அம்மோனியா அளவு ஆய்வுத் திட்டத்தின் வரம்புக்கு மேல் இருந்தது. ஆய்வை நடத்திய ஜேம்ஸ் வில்சனுக்கும் அவருடைய பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கும் இந்தத் தொழில்நுட்பத்தை விற்கவிருந்த ஜெனோவோ என்ற கம்பெனியில் பங்கு இருந்தது. பணம் ஒரு கண்ணை மறைத்துவிட்டது என்று நான் நேரடியாகக் குற்றம் சாட்ட மாட்டேன். ஆனால் சோதனை வெற்றி பெற்றால் லாபம் பெறப்போகிறவரிடமே, ஆபத்து வருகிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் விட்டிருந்தார்கள் என்பது உண்மை.

இதில் ஒரு சங்கடமான உட்கதை இருக்கிறது. உயிருக்குப் போராடும் சிசுக்களிடம் இந்த ஆய்வைச் செய்யாமல், ஓரளவு நலமாக இருந்த பெரியவர்களிடம் செய்தது நெறிமுறை ஆலோசனையின் பேரில்தான். சாகக் கிடக்கும் குழந்தையின் பெற்றோர் எதற்கும் தலையாட்டுவார்கள், அது உண்மையான ஒப்புதல் ஆகாது என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதன் விளைவு, ஆய்வில் இழக்க நிறைய இருந்த ஒருவர் சேர்ந்தார், பலன் பெறக்கூடியவர்கள் வெளியே நின்றார்கள். பலவீனமானவரைப் பாதுகாக்கிறோம் என்று எழுதும் விதி சில நேரம் அவரையே மருந்திலிருந்து தள்ளி வைத்துவிடுகிறது. நான் ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாத உறுப்பினராகச் சில ஆண்டுகள் இருந்தவன். கர்ப்பிணிகள், சிறுவர்கள் என்று பெயர் வந்தாலே ஆய்வை நிராகரித்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போகும் பழக்கத்தை நானும் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்வதற்குப் பெயர் எச்சரிக்கை என்று நான் நினைக்கவில்லை.

2025-இல் அதே ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். பிறந்து சில நாளிலேயே ஒரு குழந்தைக்கு சிபிஎஸ்1 குறைபாடு என்று கண்டுபிடித்தார்கள். கெல்சிங்கருக்கு இருந்த நோயின் பங்காளி. அதே யூரியா வழி, வேறொரு நொதி. கடுமையாக வந்தால் பாதிக் குழந்தைகள் சிசுப் பருவத்தைத் தாண்டுவதில்லை. அந்தக் குழந்தையின் மரபணுவில் இருந்த குறிப்பிட்ட ஓர் எழுத்துப் பிழையை மட்டும் மாற்றும் மருந்தை ஆறே மாதத்தில் வடிவமைத்து, எலியிலும் குரங்கிலும் சோதித்து, அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஒற்றை நோயாளி அனுமதி பெற்று, பிப்ரவரியில் முதல் தவணை கொடுத்தார்கள். வைரஸில் ஏற்றாமல் கொழுப்பு நுண்துகளில் வைத்துக் கொடுத்ததால் மறுதவணைகளும் கொடுக்க முடிந்தது. குழந்தை முன்பைவிட அதிகப் புரதம் சாப்பிட முடிகிறது, அம்மோனியாவைக் கட்டுப்படுத்தக் கொடுத்துவந்த வழக்கமான மருந்தின் அளவு குறைந்திருக்கிறது. குணமாகிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. நீண்ட காலம் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். இந்த வேலையை ரெபெக்கா ஆரென்ஸ்-நிக்லஸ் என்பவரோடு சேர்ந்து முன்னின்று செய்தவர் அதே கிரண் முசுனுரு. ஏழு ஆண்டுகளுக்கு முன் கருவில் செய்ததை மன்னிக்க முடியாதது என்று சொன்ன மனிதர்தான் இப்போது ஒரு கைக்குழந்தையின் மரபணுவைத் திருத்துகிறார்.

இது முரண்பாடு அல்ல. கைக்குழந்தையும் ஒப்புதல் தர முடியாதுதான், பெற்றோர்தான் கையெழுத்திட்டார்கள். ஆனால் அந்தக் குழந்தைக்கு நோய் இருந்தது, வேறு வழி கல்லீரல் மாற்று சிகிச்சைதான், அதுவரை ஒவ்வொரு நாளும் மூளை பாதிக்கும் ஆபத்து. மாற்றம் கல்லீரல் செல்களை நோக்கிப் போனது. குழந்தை வளர்ந்து கல்யாணம் செய்து பிள்ளை பெற்றால் அந்தத் திருத்தம் பிள்ளைக்குப் போகாது. கருவிலோ, முளைக்கும் நிலையிலேயே மாற்றுகிறோம், எனவே அது பின்னால் முட்டையிலும் விந்திலும் இருக்கும், பேரப்பிள்ளைகள் வரை போகும். ஆய்வில் சேர்ந்தவர் விலகலாம் என்றேன் அல்லவா? இங்கே விலகுவது என்றால் என்ன? லுலுவும் நானாவும் 18 வயதில் "நாங்கள் விலகுகிறோம்" என்று சொல்லலாம். மருத்துவமனைக்கு வராமல் இருக்கலாம். ஆனால் மாற்றிய மரபணுவிலிருந்து விலக முடியாது. பிறக்காத ஒருவர் ஆராய்ச்சியில் பங்கேற்பவர் ஆகிறார், அவரோடு அவர் சந்ததியும். மரபணுத் திருத்தம் கொண்டுவந்த உண்மையான புதுக் கேள்வி என்று நான் மதிப்பது இது ஒன்றைத்தான்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதுதான். எந்தக் குழந்தை தன் பிறப்புக்கு ஒப்புதல் தந்தது? பெற்றோர் யாரைக் கல்யாணம் செய்கிறார்கள், எந்த வயதில் பெற்றுக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் குழந்தையைக் கேட்காமல் அதன் உடம்பைத் தீர்மானிக்கும் முடிவுகள். கொடிய நோய் வரும் என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் ஒரு முடிவுதானே? பிரிட்டனின் நஃபீல்ட் உயிர்நெறிக் குழு 2018-இல், குழந்தையின் நலனுக்கு ஏற்றதாகவும் சமூகத்தில் பாகுபாட்டை வளர்க்காததாகவும் இருந்தால் இது அறத்துக்கு விரோதமாக இருக்க வேண்டியதில்லை என்றுதான் சொன்னது. நானும் "என்றைக்குமே கூடாது" என்ற கட்சி அல்ல. கடவுளின் வேலையில் தலையிடுவது என்ற வாதம் எனக்குப் பிடிபடுவதில்லை. அம்மை குத்துவதையும் அப்படித்தான் சொன்னார்கள்.

என் தயக்கம் வேறு இடத்தில். இது உண்மையாக யாருக்குத் தேவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தலசீமியா மாதிரி ஒரு நோயின் மரபணுவைக் கணவன் மனைவி இருவரும் சுமக்கிறார்கள் என்றால், அவர்களுடைய கருக்களில் சராசரியாக நான்கில் ஒன்றுக்குத்தான் நோய் வரும். சோதனைக்குழாய் முறையில் கருக்களை உருவாக்கி, பரிசோதித்து, நோய் இல்லாததைத் தேர்ந்து வைக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. எதையும் வெட்ட வேண்டாம். கணவன் மனைவி இருவருக்குமே அந்த நோய் முழுமையாக இருந்தால்தான் எல்லாக் கருவுக்கும் நோய் வரும். அப்படிப்பட்ட தம்பதிகள் மிக அரிது. சிலருக்குப் பரிசோதனைக்குப் போதுமான கருக்கள் கிடைக்காமல் போகலாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருத் திருத்தத்துக்குப் பேசும் பலர் முன்னால் நிறுத்துவது நோயுற்ற குழந்தையின் படத்தை. ஆனால் சந்தை அங்கே இல்லை. 2025-இல் அமெரிக்காவில் கருத் திருத்தத்துக்காகவே புதிய கம்பெனிகள் முளைத்தன. கோடிக்கணக்கான டாலர் முதலீடு அந்த அரிதான சில தம்பதிகளை நம்பிப் போகிறது என்று என்னால் நம்ப முடியவில்லை.

உயரம், புத்தி, நிறம் என்று ஆர்டர் கொடுத்துக் குழந்தை பெறுவது இன்றைக்கு நடக்காத காரியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 54 லட்சம் பேரின் தரவைப் பார்த்த 2022-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, உயரம் என்ற ஒன்றோடு தொடர்புள்ளவையாகவே 12,000-க்கு மேற்பட்ட மரபணு வேறுபாடுகளைக் கண்டது. எதை வெட்டுவீர்கள்? ஒரே மரபணுவுக்கும் பல வேலைகள் உண்டு. சிசிஆர்5 இல்லாதவர்களுக்கு மேற்கு நைல் வைரஸ் வந்தால் நோய் கடுமையாகும். அரிவாள் செல் சோகையின் மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவிலிருந்து காக்கிறது. கெட்ட மரபணு என்று நாம் முத்திரை குத்தியது வேறோர் ஊரில், வேறொரு காலத்தில் உயிர் காத்திருக்கிறது.

ஆனால் "நடக்காது" என்பதால் "விற்க மாட்டார்கள்" என்று ஆகிவிடாது. இந்தியர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. கருவின் குறையைக் கண்டுபிடிக்க வந்த பரிசோதனைகள் பெண் கருவைக் கண்டுபிடித்து அழிக்கப் பயன்பட்டன; 1994-இல் சட்டம் போட்டும் போதாமல், கரு உருவாகும் முன்பே பாலினம் தேர்ந்தெடுப்பதையும் தடுக்க 2003-இல் அதைத் திருத்த வேண்டியிருந்தது. இன்றைக்கும் ஸ்கேன் சென்டர் ஒவ்வொன்றிலும் பலகை மாட்டியிருக்கிறது. நோய்க்கு மட்டும் என்று கோடு போட்ட இடத்தில் நாம் நிற்கவில்லை என்பது நமக்கே தெரியும்.

நிதானமாகப் போக முடியும் என்பதற்கு பிரிட்டனில் ஓர் உதாரணம் இருக்கிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதி வழியாகத் தாயிடமிருந்து வரும் கொடிய நோய்களைத் தடுக்க, வேறொரு பெண்ணின் முட்டையைப் பயன்படுத்தும் முறை. இதுவும் அடுத்த தலைமுறைக்குப் போகக்கூடிய மாற்றம்தான். அங்கே பல ஆண்டு பொது விவாதம் நடந்தது, 2015-இல் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு அனுமதித்தது, ஒவ்வொரு தம்பதிக்கும் தனித்தனியாக உரிமம். நியூகாசிலில் இப்படி எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். பத்து ஆண்டு, எட்டுக் குழந்தைகள். மந்தம் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. எனக்கு இது சரியான வேகமாகத்தான் படுகிறது. மற்றபடி, 2023-இல் லண்டனில் நடந்த மூன்றாவது சர்வதேச மாநாடு, கருவைத் திருத்திக் குழந்தை பெறுவது இப்போதைக்கு ஏற்கத்தக்கதல்ல என்றே அறிவித்தது.

இந்தியாவுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2019-இல் வெளியிட்ட மரபணுச் சிகிச்சை வழிகாட்டு நெறிகள், சந்ததிக்குப் போகும் மாற்றத்தை அனுமதிப்பதில்லை. நோயாளியின் உடம்போடு நிற்கும் மரபணுச் சிகிச்சை, 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி ஒரு புதிய மருந்தாகக் கருதப்பட்டு, அந்த அனுமதிகளின் வழியே வர வேண்டும். தாளில் நம் விதிகள் நன்றாகவே இருக்கின்றன. நடைமுறையில் எங்கே வழுக்கும் என்பதற்கு 2009-ஐ நினைவுபடுத்துகிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பின் திட்டம், ஐசிஎம்ஆரும் உடன் இருந்தது. கம்மத்தில் பல சிறுமிகள் பழங்குடி விடுதி மாணவிகள். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பல படிவங்களில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டிருந்தார்கள். சில சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்து 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் அல்ல என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. உலகெங்கும் போடப்படும் நல்ல தடுப்பூசி அது. இருந்தும் நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் கடுமையாகக் கண்டித்தது. மருந்து நல்லதா என்பதும் அந்தச் சிறுமியின் அம்மாவைக் கேட்டார்களா என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவதைத் தவறவிட்டதால் முதலாவதின் மேலும் சந்தேகம் விழுந்தது.

மறுபக்கம், வேலூர் சிஎம்சியில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு அவர்களுடைய ஸ்டெம் செல்களிலேயே ரத்தம் உறைவதற்கான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவுகள் வந்தன. கவனித்த காலம் வரை ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. வெட்டித் திருத்தும் முறை அல்ல, மரபணுவைச் சேர்க்கும் முறை. வைரஸ் மூலம்தான் சேர்த்தார்கள், கெல்சிங்கருக்குக் கொடுத்ததிலிருந்து வேறு வகை. சத்தமில்லாமல் நம் பக்கத்து ஊரிலேயே நடந்த வேலை என்பதால் சொல்கிறேன்.

இனி நம் முன்னால் நிற்கும் கேள்வி விலையும் நியாயமும். அரிவாள் செல் சோகைக்கான முதல் கிரிஸ்பர் மருந்தான காஸ்ஜெவிக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது நீலகிரி மலைவாழ் மக்களிடம், 1952-இல். இன்றும் அதிகம் பாதிக்கப்படுவது பழங்குடி மக்களே. 18 கோடி ரூபாய் அவர்களிடம் எந்த அர்த்தமும் இல்லாத எண். உள்நாட்டிலேயே மலிவாகத் தயாரிக்கும் முயற்சி டெல்லியில் ஐஜிஐபி என்ற அரசு மரபணு ஆய்வகத்தில் நடக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அந்த மருந்தைச் சோதிக்கப் போவதும் அதே மக்களிடம்தான். சிகிச்சைக்கு முன் எலும்பு மஜ்ஜையை அழிக்கும் கீமோ மருந்து கொடுப்பார்கள், அதனால் குழந்தை பெறும் திறன் போகலாம். மலையிலிருந்து இறங்கி வரும் இருபது வயதுப் பெண்ணிடம், அவளுடைய மொழியில், இதை யார் உட்கார்ந்து சொல்வார்கள், கருமுட்டையைச் சேமித்து வைக்க யார் செலவு செய்வார்கள்? என் அனுபவத்தில் குழுக் கூட்டங்களில் இப்படிப்பட்ட கேள்விகள்தான் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்படும். விருப்பப்படி வடிவமைத்த குழந்தைகள் பற்றிய விவாதத்துக்கு மட்டும் எப்போதும் நேரம் இருக்கும்.

உங்கள் வீட்டில் யாரையாவது மருத்துவ ஆய்வு ஒன்றில் சேரும்படி கேட்டால், அது மரபணு சம்பந்தப்பட்டதோ இல்லையோ, முதலில் சிடிஆர்ஐ பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய ஆய்வுப் பதிவேடு அது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். 2018 ஏப்ரலிலிருந்து முதல் ஆள் சேரும் முன்பே பதிய வேண்டும், ஷென்ஜெனில் செய்தது போல முடிந்த பிறகு பதிய முடியாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளின்படி உங்கள் உரிமை. படிவத்தில் அது எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நெறிமுறைக் குழு உறுப்பினர் செயலரின் தொலைபேசி எண் அதே படிவத்தில் இருக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் அழைக்கலாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் நான்கு பேரிடம் காட்ட அவகாசம் கேளுங்கள். இன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று அவசரப்படுத்தினால் போட வேண்டாம். சேரவில்லை என்பதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது.